தனியாக வெளிநாடு போக நினைக்கும் பெண்களுக்கு: எங்கள் கடற்கரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம். மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 41, கல்யாணம் ஆகவில்லை. 2018இல் இலங்கை, 2023இல் வியட்நாம், 2024இல் மலேசியா என்று மூன்று தடவை தனியாகப் போய் வந்தேன். மூன்றே மூன்றுதான். ஆனாலும் நண்டு உடைக்கிற அக்காமாரிலிருந்து கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் வரை ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

வீட்டில் எப்படி விட்டார்கள்?

முதல் தடவை பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையும் சொல்லவில்லை. இலங்கையில் மன்னார் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது, ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குப் போகணும் என்றேன். நேர்த்தி நிஜம். எங்கள் அம்மாச்சி 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போய் மடுவுக்கு நடந்தவர். சென்னையிலிருந்து வரும் போட்மெயில் ரயிலும் அந்தக் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் என்று கதை கதையாய்ச் சொல்வார். "அவுக போகல? நான் போனா என்ன?" என்று கேட்டதும் அம்மாவுக்குப் பதில் இல்லை. அண்ணன் மட்டும், "அவுக கூட பத்துப் பேர் போனாக" என்றார். அதுவும் சரிதான்.

நம் பெண்களுக்குக் கோயில், தர்கா, நேர்த்தி என்றால் வாசல் கொஞ்சம் திறக்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு எத்தனை பெண்கள் படகேறுகிறார்கள்! அது இலங்கை மண்தான். 1974 ஒப்பந்தப்படி திருவிழாவுக்குப் போகிற நமக்கு பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம், அதனால் யாரும் அதை வெளிநாடு என்று எண்ணுவதே இல்லை. நான் முதலில் மிதித்த வெளிநாடு அதுதான், கூட்டத்தோடு கூட்டமாக.

இரண்டாவது தடவை நேர்த்தி எதுவும் சொல்லவில்லை. டிக்கெட்டைப் போட்டுவிட்டுச் சொன்னேன். மூன்று நாள் வீட்டில் யாரும் பேசவில்லை. நாலாம் நாள் அம்மா, "அங்க குளிருமா?" என்றார்.

பாஸ்போர்ட் எடுக்கக் கணவர் கையெழுத்து வேண்டாமா? அப்பா?

வேண்டாம். 18 வயது முடிந்த பெண் தன் பாஸ்போர்ட்டுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். திருமணச் சான்றிதழும் கட்டாயமில்லை, 2016 டிசம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டில் ஒன்று இருந்தால்கூடப் போதும். நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் பல நாடுகள் நீங்கள் போகும்போது இன்னும் 6 மாதமாவது பாக்கி இருக்கணும் என்று கேட்கும்.

போலீஸ் விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எதுக்கும்மா உனக்கு பாஸ்போர்ட்?" என்பதுதான். "வச்சிருக்கத்தான் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் பத்தாவது முடிக்கவில்லை. போக முடியுமா?

முடியும். பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு இருக்கலாம். அது சவுதி, குவைத், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைத் தடுக்காது. விமான நிலையத்தில் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, கையில் இருக்கும் பணம் மூன்றையும் காட்டத் தயாராக இருங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லணும். "டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நம் பக்கத்தில் வீட்டு வேலைக்கென்று போய்ப் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த பெண்களின் கதை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் தடவை எந்த நாடு?

இலங்கை. தமிழ் ஆட்சிமொழி, ரயில் நிலையப் பெயர்ப் பலகையில்கூடத் தமிழ் இருக்கும். சோறும் மீனும் கிடைக்கும். விசாவை இணையத்திலேயே வாங்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் தூரம். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் கடல்வழியில் 30 கிலோமீட்டர் சொச்சம். முனையில் நின்றால் நம் போனுக்கு இலங்கை நெட்வொர்க் வந்துவிடும். நீந்திக் கடந்த பெண்களே இருக்கிறார்கள். 2022இல் ஜியா ராய் என்ற 13 வயதுப் பிள்ளை தலைமன்னாரிலிருந்து 13 மணி நேரத்தில் நீந்தி வந்து அரிச்சல்முனையில் கரையேறியது. நான் என்ன செய்தேன்? தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு பஸ், மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், கொழும்பு கோட்டையிலிருந்து மறுபடி வடக்கே மடு, மன்னார், தலைமன்னார் என்று ஒரு முழு நாள் ரயில். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கரைக்குப் போக இரண்டு நாள் சுற்றினேன்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறது. இடையிடையே நிற்கும், காற்றுக் காலத்தில் ஓடாது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இலங்கைக்கு அப்புறம் மலேசியா சுலபம். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை மட்டும் நிரப்பணும். விசா விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். நான் எழுதியதை நம்பி டிக்கெட் போடாமல் அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

எவ்வளவு செலவாகும்?

2018இல் இலங்கை 9 நாள், எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் ஆனது. வியட்நாம் 11 நாள், 58,000. அதில் பாதிக்கு மேல் விமானம். படுக்கை ஒரு ராத்திரிக்கு 500, 600 ரூபாய்தான், ஏனென்றால் பெண்கள் மட்டும் தங்கும் பொது அறையில் ஒரு கட்டில் எடுத்துக்கொள்வேன்.

பணம் சேர்த்தது மாதம் 2,000 ரூபாய் ஏலச்சீட்டில். சீட்டை எடுக்கிற அன்று "நகையா, பிரிட்ஜா?" என்று எல்லோரும் கேட்டார்கள். குழுக் கடன் வாங்கிப் போகாதீர்கள். திரும்பி வந்து தவணை கட்டும்போது பார்த்த மலை, கடல் எல்லாம் கசந்துபோகும்.

எனக்கு லீவு கிடைப்பது பெரும்பாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில்தான். ஊரே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் பெட்டி கட்டினால் எப்படிப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பயமில்லையா? பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள்?

பயம் உண்டு. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பத்து மணிக்கு நிற்கும்போது இருக்கும் அதே பயம்தான். அங்கே நாம் என்னென்ன செய்கிறோமோ, அதில் பாதி வெளியூரிலும் பலிக்கும்.

புது ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும் வண்டியாகத்தான் எடுப்பேன், அதற்கு நூறு இருநூறு கூடப் போனாலும் சரி. எங்கே இருக்கிறேன் என்று ஒரே ஒருத்தருக்கு, என் கூட்டாளி ஒருத்திக்கு, தினமும் செய்தி போகும். படத்தை ஸ்டேட்டஸில் போடுவது அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான். அப்புறம் எண்கள்: இலங்கையில் போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவிக்கு 1938. மலேசியாவில் 999. வியட்நாமில் போலீஸ் 113. தாய்லாந்து போகிறவர்களுக்குச் சுற்றுலா போலீஸ் 1155. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் நகலோடு வேறு பையில் வையுங்கள். போன்தானே முதலில் தொலையும்! பாஸ்போர்ட் தொலைந்தால் அங்குள்ள போலீஸில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு நம் தூதரகத்துக்குப் போகணும். இலங்கையில் கொழும்புக்குப் போக முடியாவிட்டால் யாழ்ப்பாணத்திலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

கொழும்பு புறக்கோட்டையில் ஒருவன் நிலையத்திலிருந்தே பின்னால் வந்தான். நான் நேரே ஒரு புடவைக் கடைக்குள் ஏறி, விற்கிற அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, நாற்பது நிமிடம் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். அவன் போய்விட்டான். நான் ஒரு சேலைகூட வாங்கவில்லை, இன்னும் கூச்சமாக இருக்கிறது. கூட்டமுள்ள கடை, அதிலும் பெண்கள் இருக்கிற கடை, எந்த நாட்டிலும் நல்ல இடம்.

எனக்கு இங்கிலீஷ் வராதே?

எனக்கும் கணக்கு எழுதுகிற அளவுக்குத்தான் வரும். வியட்நாமில் நிறையப் பேருக்கு அதுவும் வராது, அதனால் இரண்டு பேரும் சமம். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் இல்லாமலும் ஓடும்படி. விலைக்குக் கால்குலேட்டர் போதும். தங்குமிடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே படமெடுத்து வைத்தால் ஆட்டோவோ டாக்சியோ சிக்கலில்லை.

சாப்பாடு?

மீன் தின்கிறவர்களுக்கு வியட்நாமில் கவலையே இல்லை. அங்கே எல்லாவற்றிலும் ஊற்றும் மீன் சாறு நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊற வைத்து இறக்குவது. அந்த வாடை வந்ததும் எனக்குப் பாம்பன் கருவாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. சைவக்காரர்கள் 'சாய்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், அங்கே சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர்.

பினாங்கில் சாப்பாட்டுக்கு அலையவே வேண்டாம். நாசி கண்டார் என்று சோற்றில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றித் தருவார்கள், நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய தொழில். ஒரு கடையில் வயதான பாய் ஒருத்தர் என் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். அவருக்கு ஊர் நம் பக்கத்துப் பனைக்குளம். "மாப்பிள்ளை எங்கே?" "தனியாத்தான் வந்தேன் வாப்பா." சற்று நேரம் பார்த்துவிட்டு, "சபுராளியா நீ?" என்று சிரித்தார். கடல் கடந்து சம்பாதிக்கப் போகிற ஆண்களைச் சபுராளி என்பார்கள் கீழக்கரைப் பக்கம். அந்தச் சொல்லைப் பெண்ணுக்குச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பில்லில் மீனுக்குக் காசு போடவில்லை.

மாதவிலக்கு நாட்களில்?

நாப்கினோ கப்போ, எது பழக்கமோ அதை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். புதிதாகக் கப் பழகுகிறவர்கள் இரண்டு மாதம் வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். அந்த முதல் நாளில் நீண்ட பயணம் வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டார் ஒரு பார்சல் கொடுத்தால்?

வாங்காதீர்கள். "வெறும் மாசிக் கருவாடும் கசகசாவும்தான், அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு" என்பார்கள். கசகசா சிங்கப்பூரிலும் துபாயிலும் தடை செய்யப்பட்ட பொருள், அதற்கே மாட்டிக்கொள்வீர்கள். பொட்டலத்துக்குள் வேறு ஏதாவது இருந்தால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போதைப்பொருளுக்குத் தூக்கு வரை சட்டம் இருக்கிறது. நாங்கள் என்ன அப்படிப்பட்டவர்களா என்று கோபப்படுவார்கள். படட்டும். இன்றுவரை என்னோடு பேசாத ஒரு சித்தி உண்டு.

நகையும் அதே கதைதான். சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போகலாம்.

மிக மோசமான நாள் எது?

வியட்நாமில் இரண்டாம் நாள். அங்கே 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்சிக்காரரிடம் இருபதாயிரத்துக்குப் பதில் ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டேன், நம் காசில் ஏறக்குறைய 1,700 ரூபாய். வாங்கியவர் வாயைத் திறக்கவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற எனக்கு இப்படி! அன்று ராத்திரி கட்டிலில் திரையை இழுத்துவிட்டு அழுதேன். வீட்டுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் "அப்பவே சொன்னோம்ல" என்பார்கள். காலையில் நோட்டுகளை வேறு வேறு பையில் பிரித்து வைத்தேன்.

தனியாகப் போனால் நம்மையே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விமானத்தில் ஏறிய ஆள்தான் இறங்கினாள், கஞ்சத்தனம் உட்பட.

ஆனால் இரண்டு விஷயம் சொல்லணும். ஒன்று சின்னது. வியட்நாமில் மூயி நே என்ற கடற்கரையில் ஒரு முழு மீன் சுடச்சொல்லி உட்கார்ந்தேன். எதிரில் வட்டமான கூடைப் பரிசலில் ஆண்கள் கரைக்கு வர, பெண்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், பாம்பன் கரை மாதிரியே. எங்கள் வீட்டில் நடுக்கண்டம் அண்ணனுக்கு, வால் எனக்கு. அன்று முதல்முறையாக நடுக்கண்டத்தை எடுத்துத் தின்றேன். பரவாயில்லை. பிறகு வாலைத் தின்றேன். எனக்கு வால்தான் பிடிக்கிறது! நாற்பது வயதை ஒட்டி எனக்கு இது தெரிய பதினொரு நாள் லீவும் ஒரு விசாவும் தேவைப்பட்டது.

இன்னொன்று சின்னதில்லை. மன்னாரில், கழுதைகள் திரிகிற ஒரு தெருவில், அறை வாடகைக்கு விடுகிற வீட்டில் தங்கினேன். அந்த அக்கா ஊர் எது என்று கேட்டதும் பெருமையாகத் தங்கச்சிமடம் என்றேன். அவர் முகம் மாறியது. "உங்கட ஆக்கள்ட றோலர்தான் எங்கட வலையை இழுத்துக்கொண்டு போறது. என்ர மனுசன்ட வலை மூண்டு தரம் போயிட்டுது" என்றார். றோலர் என்று அவர் சொன்னது இழுவை மடி போடுகிற விசைப்படகை. எங்கள் அண்ணன் விசைப்படகில் போகிறவர். நான் பிறந்ததிலிருந்து கேட்டதெல்லாம் அவர்கள் கடற்படை நம் ஆட்களைப் பிடித்த கதை, படகைப் பறித்த கதை. அதெல்லாம் உண்மை, எங்கள் தெருவில் அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் இழுவை மடி வலை கடலின் அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போவதும், அதை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்ததும் எனக்குச் செய்தியாக மட்டும்தான் தெரியும். அந்த அக்காவின் வீட்டுச் சுவரில் கிழிந்த வலை ஒன்று தொங்கியது. எனக்கு வாய் வரவில்லை. அவரே சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றார்.

மறுநாள் தலைமன்னார் இறங்குதுறையில் நின்று நம் கரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர்தான். ஊருக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை வலைன்னு சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் என்ன பேசினார்கள்?

நிறைய. யாரையோ பார்க்கப் போனேன், யாரோடோ போனேன், தங்கம் கொண்டுவந்தேன் என்று. இரண்டாவது பயணத்துக்குப் பிறகு பேச்சு குறைந்தது, மூன்றாவதற்குப் பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

பேசுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரு பெயர் உண்டு. பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கிற லட்சுமி அக்கா. பாசி எடுக்கிற பெண்களுக்குத் தலைமையேற்று நின்ற அவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. முங்கிப் பாசி எடுக்கிற பெண்ணின் பெயர் அவ்வளவு தூரம் போனபோது ஊரே கைதட்டியது. நான் எந்தப் பரிசும் வாங்கவில்லை, சும்மா போனேன். சும்மா போவதற்குத்தான் நம் ஊரில் காரணம் கேட்கிறார்கள்.

எனக்கு 55 ஆகிறது. இனி முடியுமா?

படி ஏறுகிற முட்டி இருந்தால் முடியும். பொது அறையில் கீழ்க்கட்டில் கேட்டு வாங்குங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுங்கள், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பினாங்கில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு 68 வயது, என்னைவிட வேகமாக மலை ஏறினார்.

நீங்களும் கூட வருவீர்களா?

வரமாட்டேன். கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நான் வந்தால் எங்கே தங்குவது, எப்போது தின்பது என்று நானே சொல்லிவிடுவேன், வீட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். டிக்கெட் போடும்போது மட்டும் கம்பெனிக்கு வாருங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் நண்டு எடை போட்டு முடிந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். பணம் கட்டுகிற பொத்தானை நீங்கள்தான் அழுத்தணும்.